பிப்ரவரி மாலையில் சுவாதியைத் தேடிய டெலஸ்கோப்

கேள்வி: பெங்களூரு ஹொரமாவில் இருக்கிறோம். எட்டாவது படிக்கும் மகளுக்காகத் தானாக நட்சத்திரம் தேடும் ஐந்து அங்குல கோ-டு டெலஸ்கோப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். பிப்ரவரி 5 அன்று இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடியில் வைத்து, தேதி, நேரம், ஊர் எல்லாம் கொடுத்து, சிரியஸை நடுவில் கொண்டுவந்தோம். இரண்டாவது நட்சத்திரமாக ஆர்க்டூரஸ் என்று அதுவே காட்டியது, சரி என்று அழுத்தினோம். விர்ரென்று திரும்பிப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றது. தொட்டிக்கு மேலே மினுக்கிய ஏதோ ஒன்றை நடுவில் வைத்தால் ‘அலைன்மென்ட் ஃபெயில்டு’, அதாவது வானத்தோடு பொருத்திக்கொள்ள முடியவில்லை என்று வருகிறது. நாலு தடவையும் இதேதான். மோட்டார் பழுதா? விற்றவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். துப்பு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஆர்க்டூரஸ் என்பது நம்ம சுவாதி நட்சத்திரம். பிப்ரவரி 5 அன்று அது பெங்களூருவில் இரவு பதினோரு மணிக்கு மேல்தான் உதிக்கும். எட்டு மணிக்கு அதைப் பார்க்கலாம் என்று ஒரு டெலஸ்கோப் சொன்னால், அதன் கணக்கில் இன்று பிப்ரவரியே இல்லை. நீங்கள் தேதியை 05/02 என்று அடித்திருப்பீர்கள், பந்தயம் கட்டுகிறேன். செலஸ்ட்ரான், ஸ்கை-வாட்சர் இரண்டு கம்பெனி டெலஸ்கோப்புகளுமே அமெரிக்கப் பாணியில் மாதத்தை முதலில் கேட்கும், ஆக அது மே 2 என்று எடுத்துக்கொண்டது. மே 2 இரவு எட்டு மணிக்குச் சுவாதி கிழக்கே நன்றாக மேலே வந்திருக்கும், சிரியஸ் தென்மேற்கில் சாய்ந்திருக்கும், எனவே அது போட்ட கணக்கு அந்த நாளுக்குச் சரிதான். வேடிக்கை என்னவென்றால் அன்று 13ஆம் தேதியாக இருந்திருந்தால் பதின்மூன்றாவது மாதம் ஏது என்று ரிமோட்டே மறுத்திருக்கும், மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்தான் ஆபத்து. நானே ஒரு மார்ச் 4 அன்று இதே குழியில் விழுந்து, ஏப்ரல் வானத்தில் ஒன்றரை மணி நேரம் அலைந்திருக்கிறேன்.

இந்த டெலஸ்கோப்புகளுக்குக் கண் கிடையாது என்பதை மட்டும் மகளுக்குப் புரியவைத்துவிடுங்கள். உங்களுடையது போன்ற பெரும்பாலான மாடல்களில் கேமராவும் இல்லை, வடக்கு எது என்றும் அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் மோட்டார் எவ்வளவு சுற்றியது என்ற எண்ணிக்கை மட்டும்தான். நீங்கள் ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து “இது சிரியஸ்” என்றால் நம்பும், இன்னொன்றை வைத்து “இது சுவாதி” என்றாலும் நம்பும். ஆனால் அந்த இரண்டுக்கும் வானத்தில் இருக்க வேண்டிய இடைவெளி அதற்கு மனப்பாடம், நீங்கள் காட்டிய இடைவெளி ஒத்துப்போகாவிட்டால்தான் ஃபெயில்டு என்கிறது. லடாக் ஹான்லேயில் இருக்கும் 2 மீட்டர் தொலைநோக்கியை உங்கள் வீட்டுக்குக் கிழக்கே ஹொசகோட்டேயில் உட்கார்ந்துகொண்டே செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள், அந்த மாதிரிப் பெரிய கருவிகளுக்கும் தெரிந்த நட்சத்திரங்களைக் காட்டித்தான் பிழையைத் திருத்த வேண்டியிருக்கிறது.

அதனால் அடுத்த முறை ரிமோட் எதைச் சொன்னாலும் தலையாட்டாமல் இரண்டையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். இந்த மாதம் எட்டு மணிக்குத் தென்கிழக்கில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி உயரத்தில் சிரியஸ், அதில் சந்தேகமே வராது, இரவு வானில் அதைவிடப் பிரகாசமான நட்சத்திரம் இல்லை. வடக்கே அதைவிடக் கொஞ்சம் உயரத்தில் கெப்பெல்லா, பக்கத்தில் அதற்குப் போட்டியாக எதுவும் கிடையாது. இந்த ஜோடி போதும். ரோகிணி, அதாவது ஆல்டெபரான், அந்த நேரத்தில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும், அங்கே டெலஸ்கோப்பைத் தாங்கித் திருப்பும் இந்த மவுன்ட்கள் தடுமாறும், நமக்கும் கழுத்து வலிதான் மிச்சம். இரண்டும் முடிந்ததும் திருவாதிரைக்குப் போகச் சொல்லிப் பாருங்கள், ரிமோட்டில் பெட்டல்ஜூஸ் என்று இருக்கும். சிவந்த அந்த நட்சத்திரம் ஐபீஸுக்குள், அதாவது கண் வைத்துப் பார்க்கும் லென்ஸுக்குள், விழுந்தால் வேலை முடிந்தது. வீட்டில் ஜாதகம் பார்க்கும் பெரியவர்கள் இருந்தால் கூடவே நிறுத்திக்கொள்ளுங்கள், ஆங்கிலப் பெயரைவிட நம் நட்சத்திரப் பெயர் சீக்கிரம் மனதில் நிற்கிறது.

கையேட்டில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து வை என்று எழுதியிருக்கும், அது உயரமான அட்சரேகையில் வசிப்பவர்களுக்காக எழுதியது. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அத்தனை டிகிரி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் தெரியும், டெல்லியில் 28, நமக்கு வெறும் 13. அந்த உயரத்தில் ஹொரமாவில் அடுக்குமாடிதான் தெரியும்.

தேதியைத் திருத்தியும் இலேசாகத் தள்ளியே போய் நின்றால், மற்ற எண்களைப் பாருங்கள். நம் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால், சில பழைய ரிமோட்களில் அரை மணி நேர மண்டலமே இருக்காது. அப்போது மண்டலத்தை 5 என்று வைத்து, கடிகாரத்தில் அரை மணி குறைத்து, அதாவது எட்டு மணி என்றால் ஏழரை என்று கொடுக்க வேண்டும். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்வதால் அரை மணிப் பிழை என்றால் ஏழரை டிகிரி தள்ளிப்போகும், பதினைந்து நிலாக்களை வரிசையாக அடுக்கிய அகலம். டேலைட் சேவிங் (கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளும் வெளிநாட்டு வழக்கம்) கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். அப்புறம் பெங்களூரு 12.97 என்று போனில் பார்த்துவிட்டு 12 டிகிரி 97 நிமிடம் என்று அடிப்பவர்கள் உண்டு, அது 12 டிகிரி 58 நிமிடம். தீர்க்கரேகை 77 டிகிரி 35 நிமிடம் கிழக்கு. கிழக்கு என்பதை மாற்றினீர்களா என்று இரண்டு தடவை பாருங்கள், பல ரிமோட்கள் மேற்கு என்றே ஆரம்பிக்கும்.

கையால் செய்யும் வேலையில் மூன்று விஷயம் முக்கியம். மேலே இருக்கும், குறிபார்க்க உதவும் சின்ன ஃபைண்டரைப் பகல் வெளிச்சத்திலேயே, ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் செல்போன் டவர் நுனியைப் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள் (சூரியன் பக்கம் மட்டும் தவறியும் திருப்பக் கூடாது, கண் போய்விடும், மகளைத் தனியாக விடாதீர்கள்). நட்சத்திரத்தை நடுவில் வைக்கும்போது ஃபோகஸைக் கொஞ்சம் கெடுத்தால் புள்ளி பெரிய வட்டமாக விரியும், நடு எது என்று கண்ணுக்கே தெரியும். கடைசி நகர்த்தலை எப்போதும் மேல், வலது பட்டன்களிலேயே முடியுங்கள், கியர் பல்லுக்கு இடையே இருக்கும் தொய்வு ஒரே பக்கமாக உட்கார்ந்துவிடும். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்து விட்டவர்கள்தான் அப்புறம் மோட்டார் தேய்ந்துவிட்டது என்கிறார்கள்.

பென்சில் பேட்டரிகளை நம்ப வேண்டாம். பாதி இரவில் மின்சாரம் சொதப்பினால் மோட்டார் தன் போக்கில் திரும்பும், ஒயர் ஒரு நொடி கழன்றாலும் எல்லாம் மறந்துபோகும். பன்னிரண்டு வோல்ட் பவர் பேக் ஒன்று வாங்குங்கள், பிளக்கின் நடுமுனை நேர்மின் முனைதானா என்று கையேட்டில் பார்த்துவிட்டு. டிரைபாட் கால் நிற்கும் மூன்று இடத்திலும் பெயின்ட் வைத்துவிட்டால் அடுத்த முறை பாதி வேலை மிச்சம். பகலில் காய்ந்த கான்கிரீட் இரவு ஒன்பது வரை சூடு கக்கும், படம் தண்ணீருக்கடியில் தெரிவது போல நடுங்கினால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ரிமோட்டின் பட்டியலில் ஆயிரக்கணக்கில் பெயர்கள் இருக்கும், ஏதாவது ஒரு கேலக்ஸியை அழுத்துவீர்கள், சரியாகப் போய் நிற்கும், ஐபீஸில் சாம்பல் இருட்டுதான் தெரியும். அது பெங்களூரு வெளிச்சத்தின் கைங்கர்யம், உங்கள் தவறில்லை. நகரத்துக்குள்ளிருந்து நிலா, வியாழனும் அதன் நான்கு நிலவுகளும், சனியின் வளையம் (2025 மார்ச்சில் விளிம்பு காட்டிக் கோடாய் மெலிந்தது, இப்போது மெல்ல விரிந்துகொண்டிருக்கிறது), ஓரியன் நெபுலா, இரட்டை நட்சத்திரங்கள், இவைதான் பலன் தரும். புனர்பூசத்தின் காஸ்டரை நூறு மடங்கில் பாருங்கள், ஒன்று இரண்டாகப் பிரியும், சின்னப் பெண்ணுக்கு அது போதும். கார்த்திகைக் கூட்டத்தை மட்டும் டெலஸ்கோப்பில் பார்க்காதீர்கள், உள்ளே அடங்காது, பைனாகுலரில்தான் அழகு.

சுவாதியையும் பார்த்தே தீர வேண்டும் என்றால் மே 2 இரவு எட்டு மணிக்குக் கிழக்கே திருப்புங்கள். அன்று 05/02 என்றே அடிக்கலாம்.