வரைந்தது ஒரு வழி, கருவி காட்டுவது வேறு வழி

கேள்வி: கூகுள் மை மேப்ஸில் ஒரு மலைப்பாதையை வளைவு நெளிவு விடாமல் வரைந்தேன். அதை கேஎம்எல் (கூகுள் வரைபடங்கள் பயன்படுத்தும் கோப்பு வடிவம்) கோப்பாக எடுத்து, ஜிபிஎக்ஸாக (ஜிபிஎஸ் கருவிகள் படிக்கும் வடிவம்) மாற்றி, கார்மின் ஜிபிஎஸ் கைக்கருவியில் ஏற்றினால், அது தார்ச்சாலையில் சுற்றிப் போகச் சொல்கிறது. மாற்றியதில் கோளாறா?

பதில்: கோளாறு என்று எதுவும் இல்லை, நீங்கள் ஏற்றியது ‘ரூட்’, உங்களுக்குத் தேவை ‘ட்ராக்’. ஜிபிஎக்ஸ் கோப்பில் இரண்டுமே இருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு குழப்பமும். ரூட் என்பது இந்தப் புள்ளிகளைத் தொட்டுக்கொண்டு போ என்பதோடு சரி, நடுவில் எப்படிப் போவது என்பதைக் கருவி தன்னிடம் உள்ள வரைபடத்தைப் பார்த்துத் தானே முடிவு செய்துகொள்ளும். அந்த வரைபடத்தில் உங்கள் ஒற்றையடிப் பாதை இல்லையென்றால் சாலைக்குத்தான் இழுக்கும். ட்ராக் அப்படியில்லை, வரைந்த கோடு வரைந்தபடியே திரையில் கிடக்கும், நீங்கள் அதன் மேல் நடக்க வேண்டியதுதான். நடைக்கும் காட்டுப் பாதைக்கும் நான் ட்ராக்கைத் தவிர வேறெதையும் சொல்ல மாட்டேன். கார் ஓட்டுகிறவர்களுக்கு ரூட் நல்லது, திருப்பம் வரும்போது சொல்லும்.

மாற்றுவதற்கு ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் போதும், ரூட்டை ட்ராக்காக ஆக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. கைக்கு வந்தது கேஎம்இசட் கோப்பு என்றால் பயப்பட வேண்டாம், அது ஜிப் செய்த கேஎம்எல்தான், பிரித்தால் போச்சு. கிடைத்த ஜிபிஎக்ஸை கருவியின் ‘கார்மின்’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘ஜிபிஎக்ஸ்’ ஃபோல்டரில் போடுங்கள். அப்புறம் ட்ராக் மெனுவில் அதை வரைபடத்தில் காட்டச் சொல்ல வேண்டும், பலர் இதை விட்டுவிட்டுக் கோப்பே ஏறவில்லை என்கிறார்கள்.

கையால் திருத்துகிற ஆசாமியா நீங்கள்? கேஎம்எல்லில் தீர்க்கரேகை முதலில் வரும், அட்சரேகை பிறகு. ஜிபிஎக்ஸில் இரண்டுக்கும் பெயர் போட்டே எழுதியிருக்கும். அட்சம் 10, தீர்க்கம் 77 என்று இருக்க வேண்டியதை இடம் மாற்றிப் போட்டால் உங்கள் பாதை ஆர்க்டிக் கடலில் போய் விழும்.

கேள்வி: ட்ராக்காகத்தான் ஏற்றினேன், ஆனால் பாதி வழியில் கோடு அறுந்துவிடுகிறது.

பதில்: புள்ளிகள் அதிகம். ஒரு ட்ராக்கில் இத்தனை புள்ளிதான் என்று ஒவ்வொரு கருவிக்கும் வரம்பு உண்டு, கார்மினின் எட்ரெக்ஸ் 20 போன்றவற்றில் அது 10,000, இன்னும் பழையவற்றில் ரொம்பக் குறைவு. மீதியைக் கருவி சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஜிபிஎஸ்பேபலில் ‘சிம்ப்ளிஃபை’ என்றொரு வடிகட்டி இருக்கிறது, எத்தனை புள்ளி வேண்டும் என்று சொன்னால் நேர்கோட்டில் இருப்பவற்றை உதிர்த்துவிட்டு வளைவில் இருப்பவற்றை வைத்துக்கொள்ளும். ஒரு நாள் நடைக்கு 500 புள்ளி தாராளம், கொண்டை ஊசி வளைவுகள் நிறைய இருந்தால் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.