கெய்ரோவின் துணிமணிகளை வரைந்த லூயிஸ்: கேள்வி பதில்

ஆங்கிலேய ஓவியர் ஜான் ஃபிரடெரிக் லூயிஸ் (1804–1876) வரைந்த எகிப்திய வாட்டர்கலர் படங்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கே: சும்மா சுற்றிப் பார்க்கப் போனவர்தானே?

ப: இல்லை. 1841 முதல் 1851 வரை கெய்ரோவிலேயே குடியிருந்தார். 1844இல் நாவலாசிரியர் தாக்கரே அவரைத் தேடிப் போனபோது முதலில் அடையாளமே தெரியவில்லை. நீண்ட மஞ்சள் அங்கி, தாடி, மழித்த தலையில் சிவப்புத் தர்பூஷ் தொப்பி!

கே: படத்தில் இருக்கும் உடைகளை நம்பலாமா?

ப: துணியை நம்பலாம், காட்சியை அப்படியே நம்ப வேண்டாம். சரிகை, பூவேலை, கோடுபோட்ட பட்டு எல்லாம் கண்ணால் பார்த்தவை. ஆனால் பெரிய படங்களில் பல, ஊர் திரும்பிய பிறகு தேம்ஸ் கரையில் வால்டனில் உட்கார்ந்து, பழைய ஸ்கெட்ச்களையும் கொண்டுவந்த உடைகளையும் வைத்து வரைந்தவை. மனைவி மரியனே பல படங்களுக்கு மாடல். கெய்ரோ சீமாட்டியாக நாம் பார்ப்பது அநேகமாக இந்த ஆங்கிலேயப் பெண்மணியைத்தான்.

கே: அப்படியானால் அவர் வரைந்த அந்தப்புரப் படம்?

ப: அந்நிய ஆண்களை அந்தப்புரத்துக்குள் விடவே மாட்டார்கள். 1850இல் லண்டனில் அந்தப் படம் காட்சிக்கு வந்தபோது பெரிய பரபரப்பு. காட்சி கற்பனை, மஷ்ரபியா என்னும் மரச்சல்லடை ஜன்னல் வழியே சிதறி விழும் வெயில் மட்டும் அவர் குடியிருந்த வீட்டில் தினமும் பார்த்தது. எனக்குப் படத்தில் பிடித்ததும் அந்த வெயில்தான்.

கே: வாட்டர்கலரில் இவ்வளவு அடர்த்தி எப்படி?

ப: வெள்ளை நிறமி கலந்து, ஒளி ஊடுருவாத வண்ணமாக்கி, மெல்லிய தூரிகையால் புள்ளி புள்ளியாக வைப்பார். 1856இல் வெளிவந்த சினாய் பாலைவன முகாம் படத்தில் ஒட்டகங்களின் கண்ணை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னார் விமர்சகர் ரஸ்கின். படம் இப்போது அமெரிக்காவின் யேல் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது.

கே: பிறகு ஏன் வாட்டர்கலரை விட்டார்?

ப: காசுதான், வேறென்ன. எண்ணெய் ஓவியத்துக்கு விலை அதிகம். வாட்டர்கலர் சங்கத் தலைவராக இருந்தவர் 1858இல் விலகிவிட்டார். 1865இல் லண்டனின் ராயல் அகாதெமி என்ற கலைக் கழகத்தில் முழு உறுப்பினர்.

கே: வீட்டில் பழைய வாட்டர்கலர் ஒன்று இருக்கிறது. எங்கே மாட்டலாம்?

ப: ஜன்னலுக்கு எதிரே மட்டும் வேண்டாம், வெளிச்சத்தில் நிறம் மங்கிவிடும். அருங்காட்சியகங்களிலேயே 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தைத் தாண்ட விடுவதில்லை. சில மாதம் சுவரில் மாட்டுங்கள், அப்புறம் எடுத்து இருட்டில் வையுங்கள்.