பெல்லட்டுக்குக் கடற்பாசி

அன்புள்ள அண்ணா,

எனக்குக் குமாரபாளையம். பி.ஃபார்ம் படிக்கிறேன். மருந்து பெல்லட் செய்ய எம்.சி.சி.க்கு (மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ்) பதிலாகக் கடற்பாசியில் கிடைக்கும் கேரஜீனனைப் போட்டு புராஜெக்ட் செய்ய ஆசை. ‘இயற்கையானது, அதனால் நல்லது’ என்றேன். வகுப்பே சிரித்துவிட்டது. செய்யலாமா?

தம்பிக்கு,

தாராளமாகச் செய்யுங்கள். அந்த ‘இயற்கை’ பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். மரக்கூழிலோ பஞ்சிலோ இருக்கும் செல்லுலோஸை அமிலத்தில் பக்குவம் செய்தால் எம்.சி.சி. தறிச் சத்தத்தில் வளர்ந்த குமாரபாளையத்துக்காரர் பஞ்சை இயற்கை இல்லை என்று சொன்னால் எப்படி?

மற்ற வாசகர்களுக்காக: சில கேப்சூலைத் திறந்தால் கொட்டும் குட்டி உருண்டைகள்தான் பெல்லட். பெரும்பாலும் அரை முதல் ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும். மருந்தை எம்.சி.சி.யோடு சேர்த்து ஈரமாகப் பிசைந்து, சந்தகை பிழிவது போலத் துளைத் தட்டு வழியே பிழிவார்கள். இழைகள் வேகமாகச் சுழலும் சொரசொரப்பான தட்டில் விழுந்து, ஒடிந்து, உருண்டு திரளும். ஈரம் கூடினால் உருண்டைகள் ஒட்டிப் பெரிதாகும், குறைந்தால் தூளாக உதிரும். எம்.சி.சி. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பதம் லேசில் தப்பாது. இத்தனை காலம் அதன் ராஜ்யம் நடப்பது அதனால்தான்.

அதன் குறை வயிற்றுக்குள் போனபின் தெரியும். உருண்டை உடையாது. நீரில் எளிதில் கரையாத மருந்தாக இருந்தால் மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். கேரஜீனனில் ‘கப்பா’ என்ற வகையைப் போட்டுச் செய்த பெல்லட் தண்ணீர் பட்டதும் உடைந்து பிரியும், மருந்தும் சீக்கிரம் வரும். புராஜெக்டுக்கு இதைக் காரணமாகச் சொல்லுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஜெர்மனியில் தோமெஸ், கிளைனபுட்ட என்ற ஆய்வாளர்கள் 2006-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரைகளைத் தேடிப் படியுங்கள்.

தொல்லையும் உண்டு. கேரஜீனன் தண்ணீரை நிறையக் குடிக்கும், அதனால் உலர நேரமாகும். உருண்டையின் வலுவும் குறைவு. அதைவிடப் பெரிய சிக்கல், அதிலுள்ள சல்பேட்டுக்கு எதிர்மின்னூட்டம். நேர்மின்னூட்டமுள்ள மருந்தைச் சேர்த்தால் இரண்டும் பிணைந்துகொண்டு, சீக்கிரம் வெளிவரும் என்ற கணக்கே கெட்டுப்போகலாம்.

அப்புறம், ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் பக்கம், கேரஜீனன் கிடைக்கும் கப்பாஃபைகஸ் என்ற பாசியை மூங்கில் மிதவையில் வளர்க்கிறார்கள், சுமார் 45 நாளில் அறுவடை. அங்கே போய் ஒரு மூட்டை வாங்கி வந்து அரைத்துப் போட்டுவிடாதீர்கள்! மருந்துத் தரத்தில் சுத்திகரித்தது வேண்டும், அதுவும் கப்பா வகை என்று கேட்டு வாங்குங்கள். லாம்டா வகை கூழாகவே உறையாது. அதே மருந்தை எம்.சி.சி.யிலும் ஒரு பேட்ச் போட்டு, மருந்து எவ்வளவு வேகமாகக் கரைந்து வெளிவருகிறது என்று பார்க்கும் கரைதல் சோதனையில் இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

எந்த மருந்து என்று எழுதவே இல்லையே. அதைச் சொல்லுங்கள், மேலே பேசலாம்.