சனிக்கிழமைக் கணக்கு

வணக்கம் சார்,

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன், பெயர் போட வேண்டாம். என் கணவர் பன்னிரண்டு பவர் டேபிள் (மோட்டார் தையல் மிஷின்) வைத்து, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தார். இரண்டு பெரிய பில் வராமல் போய், வட்டிக்கு வாங்கி, கடைசியில் கோர்ட்டில் ஐ.பி., அதாவது திவால் மனு, கொடுத்தோம். போன வருடம் திவாலானவர் என்று உத்தரவும் வந்துவிட்டது. இப்போது அவர் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நான் செக்கிங். இரண்டு பேருக்கும் சேர்த்து வாரம் 7,500 வரும். வேலை குறைந்த வாரம் 5,500. வாடகை 6,000. பையன் பதினொன்றாவது, பெண் எட்டாவது. மாதம் 30,000 என்று வைத்து நோட்டில் பட்ஜெட் போடுகிறேன். இருபதாம் தேதிக்கு மேல் இடிக்கிறது, மளிகையைக் கடனுக்கு எழுதி வாங்குகிறேன். அவரோ, சொந்தக்காரர்களிடம் வாங்கிய கைமாற்றை மாதம் 3,000 வீதம் திருப்பிக் கொடுத்துவிடலாம், முகத்தில் முழிக்க முடியவில்லை என்கிறார். எங்கே தப்பு செய்கிறேன்?

ஒரு வாசகி

---

அன்புள்ள சகோதரிக்கு,

நோட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். வீண் செலவு என்று வெட்ட அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அது முதலாளி வீட்டுக் கணக்கு. டேபிள் ஓடிய காலத்தில் பில் வரும் என்று நம்பி முன்னாடியே செலவு செய்தீர்கள், வந்ததும் அடைத்தீர்கள். தொழிலில் எல்லோரும் அப்படித்தான் புரட்டுகிறார்கள். இப்போது வருவது வாரக்கூலி. அதற்குப் பின்னால் எந்த பில்லும் வரப்போவதில்லை.

அதனால் மாதக் கணக்கை மூடிவிட்டுச் சனிக்கிழமைக் கணக்கு போடுங்கள். அதையும் 7,500க்குப் போடாதீர்கள், 5,500க்குப் போடுங்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா நம் சரக்குக்கான இறக்குமதி வரியை 50 சதவீதமாக ஏற்றிய பிறகு உங்கள் ஊரில் ஷிப்ட் என்ன பாடு பட்டது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெலிந்த வாரத்தில் நிற்காத பட்ஜெட் எந்த வாரத்திலும் நிற்காது.

சம்பளக் கவர் வந்த அன்றே வாடகைக்கு 1,500 தனியாகப் போகட்டும். மளிகை, காய், பாலுக்கு 2,000. ரேஷன் அரிசியை வீட்டுச் சாப்பாட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள். இட்லி மாவுக்கு அது நன்றாகவே இருக்கும். கேஸ், கரண்ட், போனுக்கு 500. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால்தான் அது திடீர்ச் செலவு மாதிரித் தெரிகிறது. அவர் பெட்ரோலுக்கு 400, நீங்கள் டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போய்வரலாம். பிள்ளைகள் படிப்புக்கு 400, மருந்துக்கு 200. ஆக 5,000.

மீதி 500இல் 200 ரூபாய் மொய்க்கு. உங்கள் நோட்டில் மொய் என்ற வரியே இல்லை. கொங்கு நாட்டில் இருந்துகொண்டு மொய் இல்லாமல் பட்ஜெட் போட்டால் எப்படி நிற்கும்? ஆவணியில் மூன்று பத்திரிகை வந்தால் கை தானாகப் பக்கத்து வீட்டில் நீளும். பழைய மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். யார் உங்களுக்குச் செய்தார்களோ அவர்களுக்குக் கட்டாயம் வையுங்கள், மற்ற இடங்களில் 200 போதும். நாலு பேர் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள், பார்க்கட்டும். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது, அப்போது சேருவதைத் தொடாதீர்கள். பாக்கி 300 கையில் நிற்கட்டும்.

வேலை நன்றாக இருக்கும் வாரத்தில் மிஞ்சும் 2,000இல் முதலில் மளிகைக் கடைப் பாக்கியைத் தீருங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை. 2016இல் புதிய திவால் சட்டம் வந்தாலும், தனிமனிதர் விஷயத்தில் அது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்கள் வரைக்கும்தான் அமலாகியிருக்கிறது. உங்கள் கணவருக்கு இன்னும் 1920ஆம் வருடச் சட்டம்தான். அதன்படி, திவாலான பிறகு கோர்ட்டில் விடுவிப்பு உத்தரவு (பழைய கடன்களிலிருந்து விடுவிக்கும் உத்தரவு) வாங்காத ஒருவர் தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்குவது குற்றம், ஆறு மாதம் வரை சிறை. 50 ரூபாய்! இன்று அரைக் கிலோ துவரம்பருப்புக்குக்கூடக் காணாது. அண்ணாச்சி கேஸ் போடப்போவதில்லை. ஆனாலும் கடை நோட்டில் உங்கள் கணவர் பெயர் இருக்க வேண்டாம்.

உங்கள் பெயரில் சிபிலில் (கடன் வாங்கிக் கட்டிய விவரப் பதிவு) எதுவும் இல்லாததாலேயே இனிமேல் கடன் உங்களைத் தேடி வரும். கடன் கொடுக்கும் பெண்கள் குழுவில் சேருங்கள், ஆதார் மட்டும் போதும் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கைமாற்று. அவருடைய வருத்தம் நியாயமானது. ஆனால் மாதம் 3,000 என்பது இந்தக் கணக்கில் ஒன்றரை வாரச் சாப்பாடு. தவிர, கடன்காரர் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் தனியாகக் கொடுத்தது தெரிந்தால் மற்றவர்கள் கோர்ட்டில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். வக்கீலைக் கேட்காமல் ஒரு ரூபாயும் தர வேண்டாம். விடுவிப்பு கிடைத்த பிறகு, ஐந்து சனிக்கிழமை வரும் மாதங்களில் அந்த ஐந்தாவது வாரச் சம்பளத்திலிருந்து கொடுக்கலாம். வருடத்துக்கு நான்கைந்து முறை அப்படி வரும். இதுவரை நீங்கள் கணக்கில் காட்டாமல் கரைந்த பணம் அது. அதுவரை அந்த வாரச் சம்பளத்தில் மிஞ்சுவது ஜூன் மாத ஃபீஸுக்கு.

கடைசியாக ஒன்று. திவால் உத்தரவிலேயே, எத்தனை மாதத்துக்குள் விடுவிப்புக்கு மனு போட வேண்டும் என்று எழுதியிருக்கும். அதைத் தவறவிட்டால் உத்தரவு ரத்தாகி, கடன்காரர்கள் பழையபடி வாசலுக்கு வர வழியாகிவிடும். உங்கள் கடிதத்தில் அந்தத் தேதி பற்றிப் பேச்சே இல்லை. உத்தரவு நகல் வீட்டில் இல்லையென்றால், திங்கட்கிழமை அவரை லீவு போடச் சொல்லி வக்கீலிடம் அனுப்புங்கள். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும்.