லூமன் என்றால் வெளிச்சமா, துவாரமா?

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. கழுத்தில் போட்ட குழாயை 'டபிள் லூமன் கதீற்றர்' என்று துண்டில் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் எல்.ஈ.டி. பல்ப் பெட்டியிலும் லூமன் என்றிருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் தங்கச்சியின் கொப்பியிலும் அதே சொல். எல்லாம் ஒன்றுதானா ஐயா?
— வாசகி, செட்டிகுளம்

பதில்: சொல் ஒன்றுதான் பிள்ளை, பொருள்தான் பிரிந்துபோனது. இலத்தீனில் லூமென் என்றால் வெளிச்சம். வெளிச்சம் உள்ளே வருகிற சன்னலையும் திறப்பையும்கூட உரோமர் அதே சொல்லால் அழைத்தார்கள். பக்கத்து வீட்டுக்கு வரும் வெளிச்சத்தை மறைத்துக் கட்டக்கூடாது என்ற உரிமை அவர்களுடைய சட்டத்தில் இருந்தது, அதிலும் இந்தச் சொல்தான் வருகிறது. பிறகு உடற்கூற்றியலில் குழாய்போன்ற உறுப்பின் உள்வெளிக்கு இதுவே பெயரானது. குடலையோ இரத்தக் குழாயையோ குறுக்காக வெட்டிப் பார்த்தால் நடுவில் தெரிகிற திறப்புத்தான் லூமன். வகுப்பில் நாங்கள் 'உள்ளிடம்' என்று படிப்பிப்பது இதைத்தான்.

அப்பாவின் குழாய்க்கு வருவோம். வெளியே பார்க்க ஒரு குழாய், உள்ளே இரண்டு வழி. சிவப்பு முனை வழியாக இரத்தம் மெசினுக்குப் போகும், சுத்தமானது நீல முனை வழியாகத் திரும்பும். இரண்டு உள்ளிடம் என்பதால் டபிள் லூமன். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் எத்தனை வீடுகளை வாட்டுகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: குழாய் போட்ட இடம் நனையக்கூடாது. அதன்மேல் போட்ட மருந்துக்கட்டை வீட்டில் அவிழ்க்க வேண்டாம். குளிரும் காய்ச்சலும் வந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள் வரட்டும் என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். அந்த வழியாகக் கிருமி நேரே இரத்தத்துக்குள் போகக்கூடும்.

பல்ப் பெட்டியில் உள்ளது பழைய பொருள், வெளிச்சத்தின் அளவு. வாற்று என்பது பல்ப் இழுக்கிற மின்சாரம், லூமன் என்பது அது தருகிற ஒளி. பழைய 60 வாற்று இழைக் குமிழ் ஏறக்குறைய 800 லூமன் தந்தது. இன்று 9 வாற்று எல்.ஈ.டி. அதே அளவைத் தருகிறது. ஒரே வாற்றில் இரண்டு பல்ப் இருந்தால் லூமன் கூடியதை வாங்குங்கள். பிள்ளைகள் படிக்கிற மேசைக்கு இதைப் பார்த்து வாங்கியே ஆகவேண்டும் என்பது என் பிடிவாதம்.

தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. இலைக் கலங்களில் ஒளித்தொகுப்பு நடக்கிற பச்சையவுருமணியில், தைலக்கொயிட்டு என்ற தட்டையான பைக்கு உள்ளேயும் ஒரு லூமன் உண்டு. ஒளி பட்டதும் ஐதரசன் அயன்கள் அங்கே குவிந்து, வெளியே பாயும்போது கலத்துக்குச் சக்தி கொடுக்கிற ஏரிபி (ATP) உண்டாகிறது. ஒளித்தொகுப்பில் வருவதால் இதை 'ஒளி' என்று நினைத்துவிட வேண்டாம். இங்கேயும் அது உள்ளிடம்தான்.

கேள்வி: தச்சுவேலை செய்கிறேன். மரத்துக்கும் லூமன் உண்டென்று மகன் சொல்கிறான். உண்மையா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: முழு உண்மை அண்ணை. மரம் என்பதே நுண்ணிய கலங்களின் கூட்டம். கலம் ஒவ்வொன்றுக்கும் சுவர் உண்டு, நடுவில் வெற்றிடம் உண்டு. அந்த வெற்றிடம்தான் லூமன். பாலையில் சுவர் தடிப்பு, உள்ளிடம் ஒடுக்கம். அந்தப் பாரமும் வைரமும் அதனால்தான். முள்முருக்கில் சுவர் மெல்லிசு, உள்ளிடம் அகலம். கையில் தூக்கும்போதே வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் தொழிலுக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. பச்சை மரம் காயும்போது முதலில் போவது உள்ளிடத்துத் தண்ணீர். அதுவரை பலகை அநேகமாகச் சுருங்காது. பிறகு சுவரில் ஊறிய தண்ணீர் போகத் தொடங்கும், சுருக்கமும் வெடிப்பும் அப்போதுதான். மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 வீதத்துக்குக் கீழே இறங்கும் கட்டம் அது. பாரம் குறைந்துவிட்டதே என்று அந்த நேரத்தில் முதிரைப் பலகையை எடுத்துக் கதவு செய்தால் பிறகு இடைவெளி விடும். வெயிலில் போடாமல், நிழலில் சட்டம் வைத்து அடுக்கி, ஆறுதலாகக் காயவிடுங்கள்.

கேள்வி: மடு மாதா கோயிலில் இலத்தீன் பாட்டுப் பூசையில் 'லூமென் தே லூமினே' என்று கேட்டேன். இது எந்த லூமன்?
— வாசகர், முருங்கன்

பதில்: பல்ப் பெட்டியில் உள்ள அதே பொருள். விசுவாசப் பிரமாணத்தில் வருகிற வரி அது, 'ஒளியிலிருந்து ஒளி' என்று அர்த்தம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் திருச்சபை பற்றி வெளியிட்ட ஏடும் 'லூமென் ஜென்சியும்' என்றுதான் தொடங்குகிறது: மக்களினங்களின் ஒளி.