நெய்யும் பன்னாடையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படுகிறது. மாடித் தோட்டத்தில் காய்த்த முதல் கத்தரிக்காயை மனைவி பறித்துவந்து நீட்டினாள். "புழு விழுந்திருக்கிறது பார்" என்றேன். அதன்பிறகு அவள் எதையும் என்னிடம் காட்டுவதில்லை. அறிவு கூர்மையாக இருப்பதால்தான் இப்படியா? தியானம் உதவுமா?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் நான்கு ஒற்றுப்பிழைகள். அவற்றைத் திருத்திய பிறகுதான் கத்தரிக்காய்க்கே வந்துசேர்ந்தேன். ஆகவே இதை ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்கு எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தியானம் செய்யுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அறிவுக் கூர்மை என்றீர்களே, அதை விட மாட்டேன். இளமையில் ஓர் அச்சகத்தில் மூன்றாண்டுகள் புரூஃப் பார்த்தேன். அங்கிருந்த பெரியவர் முதல் நாளே சொன்னார்: "கதையைப் படிக்காதே. உள்ளே போனால் பிழை தப்பிவிடும்." உண்மைதான். ஒரு நாவலில் கதாநாயகி இறந்துபோகும் பக்கத்தில் எனக்கு இன்றும் நினைவிருப்பது, துணைக்கால் விடுபட்டு 'கற்று' ஆகிவிட்ட ஒரு காற்று. குறை காண நிறையப் பார்க்க வேண்டியதில்லை, ஐயா. பாதியில் நிறுத்திக்கொண்டாலே போதும். புழுவைக் கண்டதும் உங்கள் கண் வேலையை முடித்துக்கொண்டது. அவள் கை நீட்டியபடி நின்றது அதற்குத் தெரியவே இல்லை.

நன்னூலில் பவணந்தியார் கடை மாணாக்கனுக்குச் சொல்லும் உவமைகளுள் ஒன்று நெய்யரி, அதாவது பன்னாடை. தென்னை மட்டையின் அடியில் வலைபோல் இருக்குமே, அதுதான். அதில் வடிகட்டினால் நெய் இறங்கிவிடும், கசடு தங்கும். (தெருச் சண்டையில் இந்தச் சொல்லை வீசுகிறவர்கள் இலக்கண நூலைத் துணைக்கு அழைக்கிறோம் என்று அறிய மாட்டார்கள்.) தங்கிய கசட்டைக் காட்டி "எவ்வளவு பிடித்துவைத்திருக்கிறேன் பார்" என்று பன்னாடை பெருமைப்பட்டால் எப்படி இருக்கும்? உங்கள் கூர்மை அப்படித்தான் இருக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்கா தன் மகளின் திருமண அழைப்பிதழை, மூலையில் மஞ்சள் தடவிய முதல் பிரதியை, எனக்குத்தான் கொண்டுவந்தாள். பிரித்ததுமே சொன்னேன்: "திருவளர்ச்செல்வி என்று போட்டிருக்கிறார்களே! வினைத்தொகையில் ஒற்று மிகாது. திருவளர்செல்வி." ஆயிரம் பிரதி அடித்தாகிவிட்டது. அக்கா மோரைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "கீழே படித்தாயா?" என்று மட்டும் கேட்டாள்.

தாய்மாமன் என்று என் பெயரைத் தனி வரியில், பெரிய எழுத்தில் போட்டிருந்தாள். நான் அதுவரை போயிருக்கவில்லை.