“வாயை மூடு” என்று 10 வயது மகன் சொல்லும்போது

கேள்வி: நாங்கள் ஈரோட்டில் வசிக்கிறோம். எங்கள் மகனுக்கு 10 வயது. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறான். நானும் கணவரும் வேலைக்குச் செல்வதால் மாலையில் என் மாமியார்தான் அவனைப் பார்த்துக்கொள்கிறார். சில மாதங்களாக, போனை வைத்துவிட்டுப் படிக்க வரச் சொன்னால், “உனக்கு ஒன்றும் தெரியாது அப்பத்தா, வாயை மூடு” என்கிறான். என்னிடமும் “நீ யார் சொல்ல?” என்று எதிர்த்துப் பேசுகிறான். அடித்தால் இரண்டு நாள் அடங்கியிருப்பான். பிறகு பழைய கதைதான். அப்பாவிடம் மட்டும் இப்படிப் பேசுவதில்லை. பள்ளியிலும் டியூஷனிலும் நல்ல பெயர். மாமியார் என் வளர்ப்பைக் குறை சொல்கிறார். கணவரோ, “உனக்குப் புரியாதும்மா, சும்மா இரு, சின்னப் பையன்தானே” என்று அவர் வாயை அடைத்துவிடுகிறார். பையன் இரவு 11 மணிக்குத்தான் தூங்குகிறான். பள்ளி வேனுக்காகக் காலை 6 மணிக்கு எழுப்ப வேண்டியிருக்கிறது. இது மனநலக் கோளாறா? அவன் அப்படிப் பேசும் நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பள்ளியில் நல்ல பெயர், அப்பாவிடம் இப்படிப் பேசுவதில்லை என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருப்பதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மரியாதையாகப் பேச உங்கள் மகனுக்குத் தெரியும். எந்த இடத்தில் அந்தப் பேச்சு செல்லுபடியாகும், எந்த இடத்தில் ஆகாது என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே அவனுக்கு மரியாதை கற்றுக்கொடுப்பது எப்படி என்று யோசிப்பதற்கு முன்னால், “வாயை மூடு” என்று சொல்வதால் வீட்டில் அவனுக்குக் கிடைப்பது என்ன என்று பார்க்க வேண்டும்.

ஒரு மாலைப் பொழுதை நினைத்துப் பாருங்கள். அப்பத்தா போனை வைக்கச் சொல்கிறார். அவன் “வாயை மூடு” என்கிறான். அப்பத்தா மனம் நொந்து உங்களைக் கூப்பிடுகிறார். நீங்கள் அடுக்களையிலிருந்து வந்து, பெரியவர்களிடம் பேசும் பேச்சா இது என்று கேட்கிறீர்கள். அவன் பதில் பேசுகிறான். நீங்கள் சத்தம் போடுகிறீர்கள். கணவர் உள்ளே வந்து மாமியாரைச் சமாதானம் செய்கிறார். இதற்குள் இருபது நிமிடம் ஓடிவிட்டது. அந்த இருபது நிமிடமும் போன் அவன் கையில்தான் இருக்கிறது. போனைப் பற்றித் தொடங்கிய பேச்சு மரியாதையைப் பற்றியும் வளர்ப்பைப் பற்றியும் மாறிவிட்டதால், போனை வாங்கி வைக்க வேண்டும் என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. அவன் இதைத் திட்டம் போட்டுச் செய்கிறான் என்று நான் சொல்லவில்லை; ஆனால் நூறு முறை நடந்த ஒன்றை எந்தக் குழந்தையும் கற்றுக்கொள்ளும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் குடும்பங்களின் அன்றாட நடப்பை அவரவர் வீட்டிலேயே பல ஆண்டுகள் கவனித்த உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன், 1982-இல் வெளியிட்ட நூலில் இந்தச் சுழற்சியைத்தான் விளக்கினார். பெற்றோர் ஒன்றைச் சொல்ல, குழந்தை கடுமையாக எதிர்க்க, பெற்றோர் களைத்துப்போய் விட்டுவிட, அடுத்த முறை குழந்தை இன்னும் கடுமையாக எதிர்க்கிறது.

எனவே அந்த நேரத்தில் நீங்கள் பேச வேண்டியது மிகக் குறைவு. அவனுக்கு அருகில் சென்று நின்று, வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில், “இப்படிப் பேசினால் நான் பதில் சொல்ல மாட்டேன். போனை மேசைமேல் வை” என்று சொல்லுங்கள். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம். “நீ யார் சொல்ல?” என்று கேட்டால் நீங்கள் யார் என்று விளக்கத் தொடங்காதீர்கள். போன் மேசைக்கு வரும்வரை அங்கேயே நில்லுங்கள். உடனே மன்னிப்புக் கேட்க வைப்பதும் அப்போது வேண்டாம். கோபத்தின் உச்சியில் இருக்கும் பிள்ளையிடமிருந்து வாங்கும் “சாரி” அடுத்த சண்டைக்குத்தான் வித்தாகும். அவன் எவ்வளவு மோசமாகப் பேசினாலும் போன் குறித்த நேரத்தில் மேசைக்கு வந்துவிடும் என்பதை ஒவ்வொரு நாளும் அவன் பார்க்க வேண்டும். அவனுக்குப் பாடம் அதுதான். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதைத் தொடங்கிய முதல் சில நாட்களில் அவன் பேச்சு குறையாது, கூடும். இதுவரை பலித்த ஒன்று திடீரென்று பலிக்காதபோது இன்னும் ஓங்கி முயன்று பார்ப்பது மனித இயல்பு. பெரும்பாலான பெற்றோர் சரியாக இந்த இடத்தில்தான், இதுவும் பயனில்லை என்று கைவிடுகிறார்கள்.

இது பாதி வேலைதான். மீதி, அவன் சாப்பிட்டு முடித்து முகம் தெளிந்த பிறகு நடக்க வேண்டியது. அருகில் உட்கார்ந்து, “அப்போது உனக்கு என்ன வேண்டியிருந்தது?” என்று கேளுங்கள். ஆட்டம் பாதியில் இருந்தது, நிறுத்தினால் தோற்றுவிடுவேன் என்று சொல்வானாயின் அது நியாயமான காரணமே; இணைய விளையாட்டுகள் பலவற்றை நடுவில் நிறுத்திவைக்க முடியாது என்பது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. அந்தக் காரணத்தைச் சொல்வதற்கான சொற்களைக் கொடுங்கள்: “அப்பத்தா, இந்த ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் ஆகும், முடித்துவிட்டு வரட்டுமா?” ஒரு நாடகம் போல இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்க்கச் செய்யுங்கள். மறுநாள் அவன் உண்மையிலேயே அப்படிக் கேட்டால், அந்த ஐந்து நிமிடத்தைக் கொடுத்துவிடுங்கள். பணிவாகக் கேட்டாலும் “முடியாது”, திட்டிக் கேட்டாலும் “முடியாது” என்றால் அவன் ஏன் பணிவாகக் கேட்க வேண்டும்? கூடவே, “நீ கேட்ட விதம் நன்றாக இருந்தது, அதனால்தான் கொடுத்தேன்” என்று அந்த நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். பொதுவாக “நல்ல பையன்” என்பதைவிட, செய்ததைக் குறிப்பிட்டு உடனே பாராட்டுவது பல மடங்கு வேலை செய்யும்.

தண்டனை தேவைப்பட்டால் அது சிறியதாகவும், நடந்ததோடு தொடர்புடையதாகவும், முன்பே அறிவித்ததாகவும் இருக்கட்டும்: திட்டினால் மறுநாள் விளையாட்டு நேரத்தில் பாதி போகும். ஒரு மாதம் போன் கிடையாது என்று கோபத்தில் சொல்லிவிட்டு மூன்றாம் நாள் நீங்களே எடுத்துக் கொடுப்பதும், ஹாஸ்டலில் சேர்த்துவிடுவேன் என்று மிரட்டுவதும் உங்கள் சொல்லின் மதிப்பைத்தான் குறைக்கும்.

அடி உடனடியாகப் பலன் தருவதால்தான் அதை விட முடியாமல் இருக்கிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, அடிப்பதை மட்டுமன்றி, குழந்தையை அவமானப்படுத்தும் பேச்சையும் கைவிடச் சொல்கிறது. நாளடைவில் அவை குழந்தையின் முரட்டுத்தனத்தைக் கூட்டுகின்றன என்பது அதன் காரணங்களுள் ஒன்று. உங்கள் வீட்டிலேயே பாருங்கள்: யாரிடம் பயமோ அவரிடம் அடங்கி, வலுவில்லாத அப்பத்தாவிடம் பாய்கிறான். இப்படி ஆள் பார்த்து அடங்குவதை மரியாதை என்று சொல்ல முடியாது.

இனி உங்கள் கணவரைப் பற்றி ஒரு சொல். அவர் வருத்தப்படக் கூடாது. “உனக்கு ஒன்றும் தெரியாது, வாயை மூடு” என்ற மகனின் சொற்களையும், “உனக்குப் புரியாதும்மா, சும்மா இரு” என்ற தந்தையின் சொற்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். குரல்தான் வேறு. 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா நடத்திய புகழ்பெற்ற சோதனையில், பெரியவர் ஒருவர் ஒரு பொம்மையை அடித்தும் ஏசியும் நடந்துகொண்டதைப் பார்த்த சிறு குழந்தைகள், பின்னர் அவர் செய்ததையும் சொன்னதையும் அப்படியே திருப்பிச் செய்தார்கள். உங்கள் மகன் கேட்பது ஒருநாள் சோதனையில் அன்று, தினந்தோறும். கணவர் தம் தாயிடம் பேசும் விதத்தை மாற்றாமல் மகனின் பேச்சு மட்டும் மாறும் என்று எதிர்பார்ப்பது வீண். அதேபோல், அவன் முன்னால் மாமியார் உங்களைக் குறை சொல்வதும், நீங்கள் அவருக்கு முகம் கொடுக்காமல் இருப்பதும் அவன் கணக்கில் சேர்கின்றன. இதை மூன்று பெரியவர்களும் அவன் இல்லாத நேரத்தில் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.

கொங்குப் பகுதியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. “வாங்க கண்ணு, சாப்பிடுங்க சாமி” என்று பெரியவர்கள் சின்னக் குழந்தையையே பன்மையில் அழைப்பார்கள். கேட்டு வளரும் பேச்சு நாவில் தானாக வரும் என்பதைப் படிக்காதவர்களும் அறிந்திருந்தார்கள். உங்கள் மாமியாருக்கு இது புதிதாக இருக்காது. அதே சமயம், அவன் உங்களை “நீ” என்பதையே குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவை “நீங்க” என்றும் அம்மாவை “நீ” என்றும் அழைக்கும் வீடுகள் தமிழில் ஏராளம்; அந்த “நீ” நெருக்கத்தின் சொல். “ஏன்?” என்று கேட்பதும் அவமரியாதை ஆகாது. எதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்ற பட்டியல் சிறியதாக இருந்தால்தான் நிறுத்தவும் முடியும். இப்போதைக்கு அவன் திட்டுவதையும் பிறர் வாயை அடைப்பதையும் மட்டும் நிறுத்தினால் போதும்.

அப்பத்தாவின் மனக்காயத்தை ஆற்ற வேண்டியது அவனே. காலில் விழ வைப்பதைவிட, இரவு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது, செய்தித்தாளை வாசித்துக் காட்டுவது போன்ற ஒரு வேலையை அவனிடம் ஒப்படைப்பது நல்லது. அதை அவன் செய்யும்போது மாமியார் பழையதைக் கிளறாமல் இருக்க வேண்டும். இது உங்கள் கணவர் அவரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டிய செய்தி.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நான் கேட்பேன். 6 முதல் 12 வயதுள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. உங்கள் மகனுக்குக் கிடைப்பது 7 மணி நேரம். தூக்கம் போதாத பிள்ளை மாலையில் எரிந்து விழுவது வியப்பன்று. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போன் இல்லை என்பதிலிருந்து தொடங்கி, படுக்கும் நேரத்தை வாரத்துக்கு அரை மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.

மனநலக் கோளாறா என்ற கேள்விக்கு வருகிறேன். எதிர்ப்பு மனப்பான்மைக் கோளாறு என்ற ஒன்று உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013 வரையறையின்படி, அடிக்கடி கோபத்தில் வெடிப்பது, எளிதில் எரிச்சலடைவது, பெரியவர்களோடு வாதாடுவது, வேண்டுமென்றே மீறுவது, தன் தவற்றுக்குப் பிறரைக் குற்றம் சாட்டுவது, வஞ்சம் வைப்பது முதலிய எட்டு அறிகுறிகளில் குறைந்தது நான்கு, ஆறு மாதங்களுக்குக் குறையாமல், உடன்பிறந்தவர் அல்லாத ஒருவரிடமேனும் வெளிப்பட வேண்டும். அவை அவன் வாழ்க்கையையோ குடும்பத்தையோ பாதிக்கவும் வேண்டும். ஒரு கடிதத்தை வைத்து யாரும் இதை முடிவு செய்ய முடியாது. வீட்டுக்கு வெளியே நன்றாக நடந்துகொள்வது நல்ல அறிகுறி. ஆறு வாரம் மேலே சொன்னபடி நடந்தும் மாற்றமில்லை என்றாலோ, அவன் யாரையாவது காயப்படுத்தினாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, சாகப் போகிறேன் என்று சொன்னாலோ காத்திருக்க வேண்டாம். கட்டணமின்றி நாள் முழுவதும் இயங்கும் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துச் செல்லலாம். போகும்போது, எந்த நாள், எந்த நேரம், யாரிடம், அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று இன்றிலிருந்தே எழுதிவைக்கும் ஒரு நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.